கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கூட்டலாமா?

செலவில்லாமல் கிடைக்கும் எதையும் நாம் எளிதில் வேண்டாம் என்று சொல்வதில்லை. கணிப்பொறி வைத்திருக்கும் இளைஞர்களிடையே அவ்வாறு இலவசமாகக் கிடைப்பதாகப் பேசப்படும் ஒன்று, ‘ஓவர்கிளாக்கிங்’. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு எந்தக் கடிகார வேகத்தில் இயங்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் வகுத்தார்களோ, அதற்கும் மேலான வேகத்தில் அதை இயக்குவதற்கே இப்பெயர். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள்கள் இதற்கென விலையின்றிக் கிடைக்கின்றன. திரையில் தெரியும் ஓர் அளவுகோலைச் சற்று வலப்புறம் நகர்த்தினால் போதும்; வேகம் கூடிவிடும்.

இதைப் பரிந்துரைப்போர் வழக்கமாக மூன்று கூற்றுகளை முன்வைக்கின்றனர். கூடுதல் வேகம் இலவசம் என்பது முதலாவது. இக்காலக் கார்டுகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும், ஆகையால் ஆபத்தில்லை என்பது இரண்டாவது. படம் சிதையும் வரை வேகத்தைக் கூட்டிச் சற்றுப் பின்வாங்கி, ஒரு சோதனை நிரலில் தேறிவிட்டால் போதும் என்பது மூன்றாவது. இவற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதன் பிறகு, உங்கள் கார்டைத் தொடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கடிகாரம் என்ன செய்கிறது?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மேலே ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் வாங்கி, ஒரே தாளத்தில் கொடுக்கிறார்கள். தாளத்தை விரைவுபடுத்தினால் வேலையும் விரைவாக நடக்கும். ஆனால் சாரத்தின் மேல் நிற்பவர் குனிந்து வாங்கி, நிமிர்ந்து கொடுக்க வேண்டும். அவருக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் பிடிக்கிறது. தாளம் அந்த நேரத்தையும் மிஞ்சிவிட்டால் செங்கல் நழுவிவிடும். மற்றவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பானவர்களாயினும் பயனில்லை.

சில்லுக்குள்ளும் இதே நிலைதான். கடிகாரம் 2000 மெகாஹெர்ட்ஸ் என்றால், வினாடிக்கு 200 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரம் அரை நானோ வினாடி. ஒளிகூட அந்நேரத்தில் 15 சென்டிமீட்டர்தான் செல்லும். அதற்குள் மின்குறி பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, விடையாகிச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட வேண்டும். வேகத்தை 2100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் இந்நேரம் 0.476 நானோ வினாடியாகச் சுருங்குகிறது. மிக நீண்ட பாதையில் செல்லும் மின்குறி அதற்குள் வந்து சேராவிட்டால், அரைகுறையான விடையே பதிவாகும். சில்லு நின்றுவிட வேண்டுமென்ற கட்டாயமில்லை. தவறான விடையோடு அது தன் வேலையைத் தொடரக்கூடும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்குறி சென்றடையும் நேரம் எப்போதும் ஒரே அளவாக இருப்பதுமில்லை. வெப்பநிலை, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம், டிரான்சிஸ்டர்களின் வயது ஆகியவற்றால் அது மாறும். ஒரே தகட்டில் பிறந்த இரு சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவேதான் உற்பத்தியாளர்கள் எல்லா நிலைகளையும் எண்ணி, ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு வேகத்தைக் குறிக்கிறார்கள். ஓவர்கிளாக் செய்வோர் எடுத்துச் செலவிடுவது இந்த இடைவெளியைத்தான்.

முதல் கூற்று: வேகம் இலவசம்

இந்த எண்ணம் வெறுங்கற்பனையிலிருந்து பிறந்ததன்று. 1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவான மையச் செயலியை வெளியிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 4.5 ஆல் பெருக்கி, 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கியதும் பெரும்பாலான சில்லுகள் 450 மெகாஹெர்ட்ஸில் தங்குதடையின்றி ஓடின. 50 சதவீத வேகம் உண்மையாகவே இலவசமாகக் கிடைத்தது. விற்பனைத் தேவைக்காக வேகம் குறைத்து விற்கப்பட்ட சில்லு அது. அந்தக் காலத்துப் புகழே இன்றைய கார்டுகளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் 2012 மார்ச்சில் கிராஃபிக்ஸ் கார்டுகளின் போக்கு மாறியது. அப்போது வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 680 கார்டு, தன் வெப்பநிலையையும் மின்திறனையும் கணந்தோறும் அளந்து, இடமிருந்தால் வேகத்தைத் தானே கூட்டிக்கொண்டது. அதன் அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ். சாதாரணமாகக் கூட்டிக்கொள்ளும் வேகம் 1058. அதன்பின் வந்த கார்டுகளில் இந்த ஏற்பாடு மேலும் நுட்பமாயிற்று. அதாவது, முன்பு நாம் கையால் செய்த வேலையில் பெரும்பகுதியைக் கார்டே செய்துகொள்கிறது. மிச்சமிருப்பது கொஞ்சந்தான்.

2016 மே மாதத்தில் ஜிடிஎக்ஸ் 1080 கார்டை அறிமுகப்படுத்தும்போது, அது 2114 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 67 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடு ஓடுவதை மேடையில் காட்டினார்கள். அதன் குறிப்பேட்டில் உள்ள வேகமோ 1733 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் ஒப்பிட்டால் 22 சதவீத ஆதாயம்போல் தோன்றும். இந்த ஒப்பீட்டில் குறை இருக்கிறது. மேடையில் காட்டியது ஒரே ஒரு கார்டு. மேலும், கடையில் வாங்கிய கார்டும் தொடாமலேயே 1733-ஐத் தாண்டித்தான் ஓடும். உங்கள் கார்டு தானாகவே 1850 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பாடுபட்டு அதை 2000 ஆக்கினால் உண்மையான உயர்வு 8 சதவீதம்தான். எதற்கு எதிராக அளந்தார்கள் என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்பக்கூடாது.

அந்த 8 சதவீதம் உங்கள் கண்ணுக்கு என்ன தரும்? வினாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி வினாடி. 65 படங்கள் என்றால் 15.4 மில்லி வினாடி. வேறுபாடு 1.3 மில்லி வினாடி. வினாடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டவல்ல திரை உங்களுடையதாயின், இதில் பெரும்பகுதி திரையை எட்டுவதேயில்லை. கணிப்பொறியின் மையச் செயலி மெதுவாக இருந்தாலும் அப்படித்தான். வேகமான கார்டு வேலைக்காகக் காத்துக் கிடக்கும்.

இனி விலையைப் பார்ப்போம். சில்லு இயங்கும்போது உண்ணும் மின்திறன், கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். வேகத்தை 10 சதவீதமும் அதைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தை 10 சதவீதமும் உயர்த்தினால், 1.1 × 1.1 × 1.1 = 1.331. பத்துப் பங்கு வேகத்துக்கு முப்பத்து மூன்று பங்கு மின்திறன்! அவ்வளவும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். 50 வாட் கூடுதலாகச் செலவாகி, நாள்தோறும் 4 மணி நேரம் கார்டு உழைத்தால் மாதத்துக்கு 6 யூனிட் மின்சாரம் ஆகும். பெருந்தொகையில்லைதான். ஆயினும் ‘இலவசம்’ என்ற சொல் இதற்குப் பொருந்தாது.

இரண்டாம் கூற்று: கார்டு தன்னைக் காத்துக்கொள்ளும்

இக்கூற்றில் உண்மை நிறைய உண்டு. சில்லின் வெப்பம் வரம்பை நெருங்கினால் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் இயக்கத்தை நிறுத்திவிடும். மென்பொருளின் வழியே உயர்த்தக்கூடிய மின்னழுத்தத்துக்கும் உற்பத்தியாளர்கள் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே, அளவுகோலை நகர்த்திய மாத்திரத்தில் கார்டு கருகிவிடும் என்று அஞ்சுவது மிகை. கார்டின் உள் நிரலையே மாற்றி எழுதி வரம்பைத் தகர்ப்பவர்களின் கதை வேறு. அதை யாரும் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் பாதுகாப்பு என்பது சில்லுக்கு உண்டு என்பதாலேயே, சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் உண்டென்று கொள்ளலாகாது. மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதிகள், நினைவகச் சில்லுகள், பற்றவைத்த இணைப்புகள், மின்கம்பிகளின் முனைகள் ஆகியவையும் அதே பாரத்தைச் சுமக்கின்றன. 2021 ஜூலையில் ‘நியூ வேர்ல்டு’ என்ற விளையாட்டின் முன்னோட்டத்தின்போது, ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செயலிழந்தன. விளையாட்டின் தொடக்கப் பட்டியல் திரையில் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாததால், வெறும் பட்டியலைக் காட்டவே கார்டுகள் முழு மூச்சில் உழைத்தன. பின்னர் ஈவிஜிஏ நிறுவனம் தன் கார்டுகளில் ஏறத்தாழ இரண்டு டஜனில் பற்றவைப்பு சரியில்லை என்று தெரிவித்தது. ஓவர்கிளாக் செய்யாமலேயே பாரம் தாங்காத இணைப்புகள் இருக்கக்கூடும் என்பதும், அவற்றைக் காட்டிக்கொடுப்பது முழுப் பாரமே என்பதும் இதனால் விளங்கும்.

மின்கம்பியின் கணக்கையும் பாருங்கள். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் மின்திறன் 450 வாட். 12 வோல்ட்டில் இது 37.5 ஆம்பியர். இணைப்பானில் மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் ஊசிகள் 6. ஆளுக்கு ஏறத்தாழ 6 ஆம்பியர். அக்கார்டுகள் சிலவற்றில் இணைப்பான் உருகியபோது, அது முழுவதும் செருகப்படாதது ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. தொடும் இடத்தில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மின்திறன் வரம்பை 10 சதவீதம் உயர்த்தினால் அவ்வெப்பம் 21 சதவீதம் உயரும். சரியாகச் செருகிய இணைப்பானுக்கு இது பொருட்டில்லை. தளர்ந்திருப்பதற்கு இது பெரிது.

நம் நாட்டு வாசகர்கள் மறக்கக்கூடாத மற்றொன்று, அறையின் வெப்பம். வெளிநாட்டுச் சோதனை அறிக்கைகள் பெரும்பாலும் 20 டிகிரியைச் சற்றே தாண்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. காற்றால் குளிரும் கார்டு, அறையின் வெப்பத்தைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்ற கணக்கில்தான் சூடேறும். 22 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டிய கார்டு, மின்விசிறியின் வேகம் மாறாதிருந்தால், சித்திரை வெயிலில் 37 டிகிரி கொதிக்கும் அறையில் 90 டிகிரியை எட்டும். அந்த வெப்பத்தில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் கூட்டியதை வெயில் கழித்துவிடும்.

நாட்பட்ட தேய்வும் உண்டு. மெல்லிய உலோகக் கம்பிகளில் அடர்ந்த மின்னோட்டம் பாயும்போது, எலெக்ட்ரான்கள் மோதி உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக நகர்த்திவிடுகின்றன. மின்னோட்ட அடர்த்தியும் வெப்பமும் கூடக்கூடக் கம்பியின் ஆயுள் எவ்வாறு குறைகிறது என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் என்பவர் 1960-களின் இறுதியில் ஒரு சமன்பாட்டைத் தந்தார். வெப்பத்தைப் பொறுத்த வரை அது அடுக்குக்குறி முறையில் மாறுகிறது. அதாவது சில டிகிரிகள்கூடக் கணக்கில் வரும். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் சிறிது கூட்டுவோருக்கு இதனால் பெரும் இழப்பில்லை. மின்னழுத்தத்தை உயர்த்துவோரே அஞ்ச வேண்டும்.

மூன்றாம் கூற்று: சோதனையில் தேறினால் போதும்

உண்மையில் ஆராய வேண்டியது இக்கூற்றுத்தான். படம் சிதைவதையும் கணிப்பொறி உறைவதையும் மட்டுமே இம்முறை பிழையாகக் கொள்கிறது. ஆகவே பிழையைக் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் கண்தான்! வினாடிக்கு 60 முறை மாறும் படத்தில், இலட்சக்கணக்கான புள்ளிகளில் ஒரு புள்ளியின் நிறம் ஒரே ஒரு படத்தில் தவறியிருந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? தெரியாது. விளையாட்டைப் பொறுத்த வரை தெரிய வேண்டியதுமில்லை. அடுத்த படம் புதிதாக வரையப்படுவதால் பிழை அத்தோடு மறைந்துவிடுகிறது.

ஆனால் இன்று கிராஃபிக்ஸ் கார்டு விளையாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. கல்லூரி மாணவர்கள் அதில் இயந்திரக் கற்றலுக்கான நிரல்களை ஓட்டுகிறார்கள். மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடுகிறார்கள். இத்தகைய கணக்குகளில் ஒரு படியின் விடை அடுத்த படிக்கு உள்ளீடாகிறது. 32 இருமக் குறிகளால் எழுதப்பட்ட எண்ணில் கடைசிக் குறி மாறினால் இழப்பு ஒன்றுமில்லை. அடுக்கைக் குறிக்கும் இடத்தில் ஒரு குறி மாறினாலோ, எண் பல கோடி மடங்கு பெருகிவிடலாம், அல்லது ஒன்றுமில்லாமல் போகலாம். கணிப்பொறி நிற்பதில்லை, எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. விடை மட்டும் தவறாக இருக்கும்.

இது வீண் அச்சம் என்று நினைப்போருக்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இம்ரான் ஹக், விஜய் பாண்டே இருவரும், ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்ற கூட்டுக் கணிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்த 20,000-க்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் ஒரு நினைவகச் சோதனையை ஓட்டி, 2010-இல் முடிவை வெளியிட்டனர். தங்கள் ஆய்வகக் கட்டுப்பாட்டில் சோதித்த கார்டுகளில் அவர்கள் பிழை எதையும் காணவில்லை. வெளியே மக்களின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கார்டுகள், கண்டறியத்தக்க அளவில் நினைவகப் பிழை காட்டின. ஓவர்கிளாக் செய்யப்பட்டதையும் வெப்பத்தையும் கணக்கில் கொண்டு கழித்த பிறகும் பிழைகள் இருக்கத்தான் செய்தன. கார்டின் கட்டமைப்பைப் பொறுத்தே அவை பெரிதும் மாறின.

இதை ஓவர்கிளாக்கிங்குக்கு எதிரான தீர்ப்பாகக் காட்டுவது நேர்மையாகாது. ஆய்வு சொல்வது வேறு: எதையும் தொடாத கார்டுகளிலேயே, யாரும் அறியாமல் பிழை நேர்ந்திருக்கிறது. அதாவது, நாம் செலவிட நினைக்கும் பாதுகாப்பு இடைவெளி நாம் எண்ணிய அளவு பெரிதாக எல்லாக் கார்டுகளிலும் இருக்கவில்லை. அவை அக்காலக் கார்டுகள்தாம். ஆனால் ஆய்வகத்தில் தேறியது வீட்டிலும் தேறும் என்று சொல்வதற்கில்லை என்ற பாடம் பழையதாகிவிடவில்லை.

‘படம் சிதையும் வரை கூட்டு’ என்ற அறிவுரை சில கார்டுகளில் அடிப்படையிலேயே பொருந்தாது. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளோடு வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகத்தில், தகவல் செல்லும் வழியில் பிழை நேர்ந்தால் அதைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பும் ஏற்பாடு உண்டு. நினைவக வேகத்தை மிகையாகக் கூட்டினால் படம் சிதையாது. திரும்பத் திரும்ப அனுப்புவதில் நேரம் வீணாகி, வேகம் குறையத் தொடங்கும். கண்ணை மட்டும் நம்பியவர், கார்டை மெதுவாக்கிவிட்டு வேகமாக்கியதாக மகிழ்ந்துகொண்டிருப்பார்.

உங்கள் முடிவு எது?

கார்டைக் கணக்கீட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துகிறீர்களா? ஓவர்கிளாக் செய்யாதீர்கள். 8 சதவீத நேரம் மிச்சமாகும் என்பதற்காக, விடையின் மீதுள்ள நம்பிக்கையை இழப்பது அறிவியல் மாணவருக்கு அழகன்று. வாடிக்கையாளருக்காகப் படங்களும் அசைபடங்களும் தயாரித்து வருவாய் ஈட்டுவோருக்கும் இதுவே விடை. இரவெல்லாம் ஓடிய வேலை விடியற்காலையில் நின்றுபோனால், மாதம் முழுவதும் மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும்.

விளையாட்டுக்கு மட்டுமென்றால், முதலில் கார்டுதான் தடையா என்று பாருங்கள். விளையாட்டின் படத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் வினாடிக்கான படங்கள் கூடவில்லையென்றால் குறை கார்டில் இல்லை. ஓவர்கிளாக் செய்வதில் பயனில்லை. கார்டுதான் தடை என்றால், உத்தரவாத விதிகளைப் படியுங்கள். பிறகு ஒரு கேள்வி: இந்தக் கார்டு பழுதானால் இன்னொன்று வாங்க உங்களால் இயலுமா? இயலாது என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.

செய்வதென்றே முடிவெடுத்தால்

முதல் வேலை தூசு துடைப்பது. அடைபட்ட வெப்பத் தகடுகளைச் சுத்தம் செய்து, பெட்டிக்குள் காற்றோட்டத்தைச் சீராக்கினால் தானியங்கி ஏற்பாடே வேகத்தை ஓரளவு கூட்டித் தரும். இதுதான் உண்மையான இலவச வேகம். எஸ்.எம்.பி.எஸ். போதிய திறனுடையதா, இணைப்பான்கள் முழுவதும் செருகப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்து, எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். ஒரே காட்சியை மூன்று முறை ஓட்டி, அறை வெப்பம், கார்டின் வெப்பம், வேகம், வினாடிக்கான படங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். மூன்று ஓட்டங்களுக்கிடையே தோன்றும் வேறுபாட்டைவிடச் சிறிய ஆதாயம் எதுவும் ஆதாயமாகாது.

மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டாம். சில்லின் வேகத்தை 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரையான படிகளில் கூட்டுங்கள். நினைவகத்தின் வேகத்தை அப்போது தொடாதீர்கள்; இரண்டையும் ஒருசேர மாற்றினால் பிழை எதனால் வந்தது என்று தெரியாது. ஒவ்வொரு படியிலும் கார்டு நன்றாகச் சூடேறும்படி அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தெரிந்த எண்களை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடும் நினைவகச் சோதனையையும் ஓட்டுங்கள். பின்னக் கணக்குகளில் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். ஆதலால் முழு எண்களால் ஆன சோதனையே தெளிவானது. ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் பல படிகள் கீழிறங்குங்கள்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழியும் ஒன்றுண்டு. 1.05 வோல்ட்டிலிருந்து 0.95 வோல்ட்டுக்கு இறக்கினால், அதே வேகத்தில் சில்லின் இயக்கத் திறன் ஏறத்தாழ 18 சதவீதம் குறையும். வெப்பமும் இரைச்சலும் தணியும். நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது இதுவே. ஆனால் இதுவும் அதே பாதுகாப்பு இடைவெளியைத்தான் மறுபுறமிருந்து தின்கிறது என்பதை மறவாதீர்கள். இதற்கும் மேற்கூறிய சோதனைகள் அனைத்தும் வேண்டும்.

கணிப்பொறியை இயக்கியவுடன் புதிய அமைப்பு தானாகப் பொருந்தும்படி முதல் சில வாரங்களுக்கு வைக்காதீர்கள்; தகராறு வந்தால் மீண்டும் இயக்கினாலே பழைய நிலை திரும்பிவிடும். மார்கழியில் தேறிய அமைப்பைப் பங்குனியில் மறுபடி சோதியுங்கள். சில்லுக்கும் வயதாகிறது, வேகத்தை வகுத்தவர்கள் அதற்கும் சேர்த்தே இடைவெளி விட்டார்கள். அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்களானால், அவ்வப்போது கணக்குப் பார்க்கும் பொறுப்பும் உங்களுடையதே.